ஒன்பதாம் நாள் பந்தியில் முருங்கைக்கீரை

"பாசிப்பயறுல ரெண்டு கைப்பிடி முருங்கைக்கீரையப் போட்டுருங்க. பொரிச்ச மீனுக்கு அத விட்டா வேற எது சேரும்?"

என் மாமியார் இப்படிச் சொன்னதும் சமையலறையில் இரண்டு பேருடைய கைகள் அப்படியே நின்றன. கத்தரிக்காயை நெருப்பில் புரட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மனாய் பினாங்கின் கை ஒன்று; மனாய் என்றால் எங்கள் ஊரில் அக்கா. மீனின் விலாவைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்த என் கை இன்னொன்று. சொன்னது அவர் காதிலேயே தாமதமாகத்தான் விழுந்திருக்க வேண்டும். ஒரு கணம் கழித்து மாமியார் கையிலிருந்த முறமும் நின்றது.

"மனாய் லோரெங்!" பினாங் மாமியாரைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "சாவு வீட்ல முருங்கையா? உங்களுக்கு என்ன ஆச்சு?"

"வாய் தவறிடுச்சு."

"தவறுறதுக்கு வேற வார்த்தையே கெடைக்கலயா? காம்புலருந்து எல ஒண்ணொண்ணா உதிர்ற மாதிரி வீட்ல ஆளும் ஒண்ணொண்ணா உதிரும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்!"

உண்மை. எங்கள் தாகுபோ கரையிலேயே சாஸ்திரத்தில் மாமியாரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்பது நாளாக வீட்டைப் பெருக்க விடவில்லை. வீட்டுக்குள் தலை வாரக் கூடாதென்று என்னைக் கிணற்றடிக்கு விரட்டினார். துக்கம் கேட்க வந்த ஒருவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டேன் என்று ஒரு பகல் முழுக்க என்னோடு பேசவில்லை. அந்த வாய்தான் முருங்கைக்கீரை என்றது.

"புள்ளயப் பறிகொடுத்தவ. புத்தி ஒரு நெலையில இருக்குமா, பாவம்" என்று பினாங் என் காதருகே முணுமுணுத்தார்.

பறிகொடுத்த பிள்ளை நெஸ்தோர். என் கணவன். பன்னிரண்டு நாளுக்கு முன்பு ஒரு மத்தியானம் படகை எடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் நாள் படகின் பக்கவாட்டு மூங்கில் ஒன்றும் அவனுடைய நீலத் தொப்பியும் கரை ஒதுங்கின. அதோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை. படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஒன்பது நாள் ஜெபத்தைத் தொடங்கினோம். இன்று கடைசி நாள். ஊருக்கே சாப்பாடு. வெள்ளிக்கிழமை, அதனால் இறைச்சி இல்லை. மீன்தான். அதிலும் கடல் மீன் வேண்டாம் என்று பினாங் அடித்துச் சொல்லிவிட்டார். "அவன் கெடக்குற தண்ணியில மேஞ்ச மீன எப்படி வாயில வைக்கிறது?" அதனால் குளத்து மீன், எண்பது ஜிலேபிக் கெண்டை.

"சரி, மறுபடி முதல்லருந்து சொல்றேன்." பினாங் விரல் மடக்கினார். "சுட்ட கத்தரிக்காய்ல தக்காளி வெங்காயம். பப்பாளிக்கா ஊறுகா. உப்பு முட்ட. பயறு இருக்கட்டும், ஆனா வெறும் பயறு. பூசணி வேணாம்."

"பூசணிக்கு என்ன மனாய்?" என்று கேட்டேன்.

"கொடியில காய்க்கிறது கொடி மாதிரியே அடுத்த ஆளத் தேடிப் படரும். நீ எந்த ஊர்ல பொறந்த? உப்பு முட்ட மட்டும் நெறைய வைக்கணும். மனோய் குலாஸ் வராரு. அவரு ஒருத்தரே ஆறு முட்ட முழுங்குவாரு. ரெண்டு மூட்ட அரிசி அனுப்பியிருக்காரு, முழுங்கட்டும்."

குலாஸ் அண்ணனுக்கு, அதாவது மனோய் குலாஸுக்கு, எங்கள் கரையில் மூன்று பெரிய படகுகள். யார் வீட்டில் சாவென்றாலும் முதல் அரிசி மூட்டை அவருடையதுதான்.

மாமியார் எழுந்து முன்பக்கம் போனார். நான் மீனுக்கு அடியில் விரிக்க வாழையிலை வெட்டலாம் என்று கொல்லைக்குப் போனேன்.

கிணற்றடி முருங்கை மரத்தில் ஒரு கிளை முறிந்து தொங்கியது.

முறிந்த இடத்தில் பிசின் இன்னும் ஈரமாக இருந்தது. நேற்று இல்லை. இன்று விடிந்த பிறகு யாரோ ஒடித்திருக்கிறார்கள். சுற்றிலும் பார்த்தேன். தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் உருவிப்போட்ட காம்புகள், ஒரு கை நிறைய. யாருக்கும் தெரியக் கூடாதென்று திணித்து வைத்த மாதிரி.

வீட்டைச் சுற்றித் தேடத் தொடங்கினேன்.

பின்கட்டில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஈரச் சாக்கு ஒன்று. அதை விலக்கினேன். சின்ன மண்சட்டி. மூடியைத் திறந்தால் தேங்காய்ப்பாலில் வெந்த பயறு, மேலே பச்சை மாறாத முருங்கைக்கீரை, காரம் மூக்கில் ஏறும் அளவுக்கு மிளகாய். பக்கத்தில் இலைப் பொட்டலத்தில் பொரித்த மீன் இரண்டு.

நெஸ்தோர் இதைத்தான் தின்பான். பொரித்த மீன் வைத்தால் "பயறு எங்க? கீரை எங்க?" என்று தட்டைத் தள்ளி வைக்கிற ஆள்.

என் மாமியாருக்கு வாய் தவறவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சாவு வீட்டில் அந்தக் கீரையைத் தொடாதவர் அவர். தொட்டிருக்கிறார் என்றால்... அவர் கணக்கில் இது சாவு வீடே இல்லை.

சட்டியோடு திரும்பினேன். மாமியார் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நானாய்... அம்மா, நெஸ்தோர் எங்க?"

அடுத்த நொடி அவருடைய உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. அந்தக் கையில் எண்ணெயும் மிளகாயும் நாறின.

"மூச்சு விடாத. பழைய மீன் குளத்துக் காவல் குடிசையில இருக்கான். தோள்ல அடி, காய்ச்சல். ஆனா இருக்கான்."

"எப்பருந்து தெரியும்?"

"நாலு நாளா. வெறகு பொறுக்கப் போனேன், கூப்பிட்டான். பேயின்னு நெனச்சுக் கட்டய எடுத்து அடிக்கப் போயிட்டேன்." "அந்தக் கடல் காவல்காரன் தமாசோ காணாமப் போனான்ல? காணாமல்லாம் போகல. குலாஸ் சுட்டுட்டான். நெஸ்தோரு பாத்துட்டான். பாத்தத குலாஸும் பாத்துட்டான். பெரிய படக இவன் படகு மேலயே ஏத்திட்டான். செத்துட்டான்னு நெனச்சுத்தான் நமக்கு அரிசி அனுப்புறான். ஞாயித்துக்கிழம என் தம்பி வண்டி கொண்டு வரான், ராத்திரியோட ராத்திரியா ஏத்தி அனுப்பிடலாம். அதுவரைக்கும் இவன் செத்தவனாத்தான் இருக்கணும்."

சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ கொதித்துக்கொண்டு வந்தது.

"நாலு நாள்! பக்கத்துலயே படுத்திருந்தீங்க. நான் தலையில அடிச்சிக்கிறதப் பாத்துட்டே இருந்தீங்க. என்கிட்ட ஏன் சொல்லல?"

"தெலியா, நீ அழுறது நெசம். அதப் பாத்துதான் ஊரே நம்புது. எனக்கு நாலு நாளா அழுகையே வரல. மிளகாயத் தொட்டுக் கண்ல தேச்சிக்கிறேன்."

அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பினாங்கின் குரல் முன்பக்கமிருந்து கேட்டது: "வாங்க மனோய் குலாஸ்! பன்னெண்டுக்குச் சாப்பாடுன்னா பத்துக்கே வந்துட்டீங்க. முட்ட தீந்துரும்னு பயமா?"

"துக்க வீட்டுக்கு நேரம் பாத்தா வருவாங்க?" என்றது அந்தக் கனத்த குரல். அது முன்னறையில் நிற்கவில்லை. நெருங்கி வந்தது.

இருவரும் சமையலறைக்குள் ஓடினோம். சட்டியை அடுப்புத் திட்டில் வைத்துத் தட்டால் மூடினேன். அவ்வளவுதான் முடிந்தது.

குலாஸ் உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை. "நானாய்" என்று பெரியவர்களை வணங்கும் வழக்கப்படி மாமியார் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். என் கணவனை மூழ்கடித்தவனின் நெற்றி. மாமியார் கையை இழுக்கவில்லை.

"நல்ல வாசனை. மீனுக்குத் தொட்டுக்க என்ன பண்ணியிருக்கீங்க?"

வழக்கம்போல ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். கத்தரிக்காய். ஊறுகாய். வெறும் பயறு. அடுத்து அந்தச் சட்டி. தட்டைத் தூக்கினான்.

தூக்கிய தட்டு அவன் கையிலேயே நின்றது.

அவனும் எங்கள் கரைக்காரன்தானே. சாவு வீட்டுக்குப் போனால் நேரே தன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான். சாவு பின்னாலேயே வந்துவிடக் கூடாதென்று எங்காவது காபி குடித்துவிட்டுத்தான் போவான். பூனை குறுக்கே போனால் அன்று படகு கிளம்பாது.

"முருங்கைக்கீரை" என்றான் மெதுவாக. "ஒம்பதாம் நாளு. யாருக்கு இது?"

அறைக்குள் என் நான்கு மாதக் குழந்தை சிணுங்கியது. கடவுளே அதைக் கிள்ளிவிட்ட மாதிரி.

"எனக்கு" என்றேன். "அழுதழுது பால் வத்திப்போச்சு மனோய். புள்ள ராத்திரியெல்லாம் கத்துது. நானாய் வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் திருட்டுத்தனமாச் செஞ்சேன். ஊர்ல சொல்லிடாதீங்க."

அவன் என் முகத்தைப் பார்த்தான். மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்கிற பார்வை.

"புள்ளைக்காகன்னா தப்பில்ல. சாப்பிடு."

"அப்புறமா..."

"நான் பாக்கச் சாப்பிடு. பயப்படாத, நான் இருக்கேன்."

கரண்டியை எடுத்தேன். சாவு நடக்கவில்லை, இந்தக் கீரை என்னை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரியாதவள்போலப் பயப்பட வேண்டும். நடிக்கவே தேவைப்படவில்லை. கரண்டி பல்லில் மோதிக் கடகடவென்று அடித்தது. மாமியார் "வேண்டாம்டி!" என்று அலறி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த அலறலைக் கேட்டு நானே நம்பியிருப்பேன். விழுங்கினேன்.

குலாஸ் தலையை ஆட்டினான். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அவன் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். பொரித்த மீன் ஒன்றை வைத்தான். அதே சட்டியிலிருந்து பயறையும் கீரையையும் அள்ளி மீன்மேல் ஊற்றினான். பிய்த்து, பிசைந்து, வாயில் போட்டு நிதானமாக மென்றான். இன்னொரு வாய். மூன்றாவது வாய்.

"ருசியா இருக்கு" என்றான். "இந்த வீட்ல இதச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. இல்ல நானாய்?"

சிரித்தான். தட்டை ஏந்தியபடியே, மென்றுகொண்டே, முன்பக்கம் போய்விட்டான்.

மாமியார் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. பூனைக்குப் பயந்த அந்த ஆள், சாவு விழுந்த வீடென்று நம்பியிருந்தால் அந்தக் கீரையை விரலால்கூடத் தொட்டிருக்க மாட்டான். இங்கே யாரும் சாகவில்லை என்று அவனுக்குத் தெரியும். தினமும் காலையில் கூடையோடு குளத்துப் பக்கம் போகும் கிழவியை யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். சந்தேகத்தோடு வந்தான். சட்டியைத் திறந்தான். உறுதியாகிவிட்டது.

சரி, பத்து மணிக்கே ஏன் வந்தான்? ஊரே பார்க்க எங்கள் வீட்டுப் பந்தியில் ஏன் உட்கார்ந்திருக்கிறான்?

அவன் இங்கே உட்கார்ந்திருக்கும்போது அவனுடைய ஆட்கள் எங்கே?

"நானாய், எந்திரிங்க."

"முடிஞ்சு போச்சு தெலியா. தெரிஞ்சு போச்சு அவனுக்கு."

"அவனுக்குத் தெரியாத வரைக்கும்தான் ரகசியம் நமக்குக் காவல். இப்ப தெரியாம இருக்கிறது ஊருக்கு மட்டும்தான். இனிமே ரகசியம் அவனுக்குத்தான் காவல்!"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தேன். மறுகையில் மண்சட்டி.

முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நீளப் பலகைகள். காலை ஜெபம் முடிந்து நாற்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். குலாஸ் வந்து உட்கார்ந்துவிட்டதால் பினாங் நேரத்துக்கு முன்பே முதல் மீனைப் பரிமாறத் தொடங்கியிருந்தார். நடுப்பலகையில் ஊர்த் தலைவிக்கு எதிரில் குலாஸ்.

நான் சட்டியைக் கொண்டுபோய்ப் பலகையின் நடுவில், கத்தரிக்காய்க்கும் உப்பு முட்டைக்கும் இடையில், டங்கென்று வைத்தேன். மூடியை எடுத்தேன்.

யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். யாரோ "சாமி!" என்றார்கள். நாற்பது கைகள் சிலுவை போட்டன. அப்புறம் மீன் எண்ணெயில் பொரிவது மட்டும் கேட்டது.

"தெலியா! பைத்தியமா உனக்கு?" பினாங் கரண்டியோடு ஓடி வந்தார். "யாரச் சாகடிக்கப் பாக்குற?"

"யாரையும் இல்ல மனாய். இந்த வீட்ல யாரும் சாகல. நெஸ்தோர் உயிரோட இருக்கான்."

"பாவம், பொண்ணுக்குக் கலங்கிருச்சு" என்று குலாஸ் எழுந்தான். "யாராவது உள்ள கூட்டிட்டுப் போங்கம்மா. தூங்கி நாளாச்சு."

இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்தும்விட்டார்கள். என்னை நம்ப அங்கே ஒருவரும் இல்லை.

பினாங் மட்டும் அசையவில்லை. குலாஸின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவருக்கு யார் தட்டில் என்ன விழுந்தது என்று தெரியாதா?

"மனோய்... நான் இன்னும் உங்களுக்கு எதுவும் வைக்கவே இல்லயே. உங்க தட்டுல எப்படிக் கீரை?"

நாற்பது தலைகள் அந்தத் தட்டுக்குத் திரும்பின. பாதி தின்ற மீன். அதன்மேல் பச்சையாக முருங்கை இலைகள்.

"சமையலறையில தின்னாரு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "சிரிச்சுக்கிட்டே தின்னாரு. மூணு வாய். எம்புருசன் செத்தான்னு நம்புற ஆள் தின்பாரா? நீங்க சொல்லுங்க. படகு ஏத்தி நெஸ்தோரக் கொல்லப் பாத்தது இவருதான். தமாசோவச் சுட்டதும் இவருதான். நெஸ்தோர் பழைய குளத்துக் குடிசையில இருக்கான். இவரு ஆளுங்க அங்க போயிருக்காங்க!"

குலாஸ் தட்டைக் கீழே போட்டான். அதுதான் அவன் செய்த தப்பு. பதில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அவன் மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பினான். தமாசோவின் அண்ணன் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

"உக்காருங்க மனோய்" என்றார் ஊர்த் தலைவி. "சாப்பாடு முடியலயே." அவர் சொன்னதும் ஏழெட்டு மீனவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள், பந்திக்கு உட்காருகிற மாதிரியே.

மற்ற எல்லோரும் குளத்துப் பக்கம் ஓடினோம். சாப்பாட்டின் நடுவில் யாராவது எழுந்து போனால், போகிறவர்கள் பத்திரமாகத் திரும்ப, இருப்பவர்கள் தட்டைச் சுழற்றி வைப்பார்கள். பின்னால் தட்டுகள் பலகையில் கரகரவென்று சுழலும் சத்தம் கேட்டது. ஓட முடியாத கிழவிகள் எல்லாத் தட்டுகளையும் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

குளத்து வரப்பில் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். கையில் நீள அரிவாள், ஒருவன் தோளில் காலிச் சாக்கு. குடிசைக்கு முப்பது அடிதான் பாக்கி. கறுப்பு உடுப்பில் இத்தனை பேர் வரப்பில் ஓடி வருவதைப் பார்த்ததும் அப்படியே சமைந்து நின்றார்கள்.

"மீன் பிடிக்க வந்தோம்" என்றான் சாக்குக்காரன்.

"வலையில்லாமயா?" பினாங்குக்கு மூச்சு வாங்கியது, வாய் ஓயவில்லை. "பாட்டுப் பாடிப் பிடிப்பீங்களோ? எங்க, ஒரு பாட்டு எடுத்து விடு, கேப்போம்!"

அரிவாள் தண்ணீரில் விழுந்தது. அடுத்து அவர்கள் இருவரும் விழுந்தார்கள். அந்தப் பக்கம் நீந்திக் கரையேறிச் சதுப்புக் காட்டுக்குள் ஓடினார்கள். நாலைந்து பேர் துரத்திக்கொண்டு போனார்கள்.

நான் குடிசைக் கதவைத் தள்ளினேன். இருட்டு. காய்ச்சல் வாடை. மூலையில் கிழிந்த பாயில் தாடியும் மீசையுமாக ஓர் எலும்புக்கூடு எழுந்து உட்கார்ந்தது. கையில் கட்டை. என்னைப் பார்த்ததும் கட்டை நழுவியது.

"தெலியா..."

குழந்தையைப் பார்த்தான். பிறகு என் உடுப்பைப் பார்த்தான். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. என் பின்னால் கதவை அடைத்து நின்ற அத்தனை பேரும் கறுப்பு.

"என்ன இது? உனக்கு எல்லாம் தெரியும்னுதானே நானாய் சொன்னாங்க? தினமும் சோறு கட்டிக் குடுக்குறதே நீதான்னாங்க?"

அவன் முகம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்பது நாள் நான் உண்மையாகவே விதவையாக இருந்தேன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வரப்பில் கடைசி ஆளாகத் தள்ளாடி வந்துசேர்ந்த மாமியாரை அவன் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கேட்க வேண்டியது எனக்கு நிறைய இருந்தது. இருவரிடமும் இருந்தது. அடிபடாத தோளுக்கு அடியில் கை கொடுத்து அவனைத் தூக்கினேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல வெளிச்சத்துக்கு வா. எல்லாரும் உன்ன நல்லாப் பாக்கட்டும்."